ஏத்தத்தில் இழுக்காத வண்டி: கேள்வி – பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து குமுளி வரைக்கும் தமிழக–கேரள எல்லையோர வாசகர்கள் எழுதிய கடிதங்களில் இந்த முறை ஒரே புலம்பல்: ஏர் ஃப்ளோ சென்சார். அதனால் முழுப் பகுதியும் அதற்கே.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: ஸ்விஃப்ட் டீசல் வெச்சிருக்கேனுங்க. செக் இன்ஜின் லைட் எரியுது, பிக்கப் குறைஞ்சு போச்சு. ஸ்கேனர் போட்டுப் பார்த்துட்டு, ‘பி 0101, ஏர் ஃப்ளோ சென்சார் போச்சு, புதுசு போடணும்’னு சொல்றாங்க. போட்டுரலாமுங்களா?

இப்போதைக்கு வேண்டாமுங்க. பி 0101 என்ற பழுதுக் கோடு சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவே இல்லை. ‘சென்சார் சொல்லும் காற்றளவும், நான் கணக்குப் போட்டு வைத்திருக்கும் அளவும் ஒத்துவரவில்லை’ என்று ஈ.சி.யூ., அதாவது இன்ஜினை ஆளும் கணினி, முறையிடுகிறது, அவ்வளவுதான். ஒத்துவராததற்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஒன்று. சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் ஒன்று. கரி பிடித்து மூட முடியாமல் திறந்தே நிற்கும் ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுவது) ஒன்று. இவற்றில் எது இருந்தாலும் புதுச் சென்சாரும் அதே கோடைத்தான் கொண்டுவரும். பணம் போன இடம் தெரியாது.

பி 0102, பி 0103 வந்திருந்தால் கதை வேறு. முன்னது சிக்னல் அளவுக்கு மீறிக் குறைவு, பின்னது அளவுக்கு மீறி அதிகம். அங்கே முதல் சந்தேகம் வயர் மேலும் கப்ளர் மேலும் விழ வேண்டும்.

உங்கள் ஊரில் நான் முதலில் திறக்கச் சொல்வது ஏர் ஃபில்டர் பெட்டியை. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அறுவடை முடிந்த வயல் மண்ணை வாரிக்கொண்டு வரும். ஃபில்டர் மாற்றிய பையன் பெட்டியின் நான்கு கிளிப்பில் ஒன்றைச் சரியாக மாட்டாமல் விட்டிருந்தால், அந்த இடுக்கு வழியாக ஃபில்டரில் படாமலே தூசி உள்ளே போகும். பெட்டி மூடியின் உள்பக்கத்தை, அதாவது சுத்தமான காற்று போகும் பக்கத்தை, விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பிறகு டார்ச் அடித்துச் சென்சாரின் வாய்க்குள் பாருங்கள். குழாய் நடுவில் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு குறுகிய வழி. அந்த வழியின் உதட்டில் பழுப்பு நிறப் படிவமோ, பூச்சி இறக்கையோ, ஃபில்டரிலிருந்து பிரிந்த நார் ஒன்றோ இருந்தால் சுத்தம் செய்தாலே வேலை முடியலாம். எப்படி என்பதைக் கீழே சித்தூர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பாலக்காடு மாணவர்: காற்றை எப்படி எடை போடுகிறது இந்தச் சென்சார்? தராசா உள்ளே இருக்கிறது?

சூடான கம்பி இருக்கிறது. ஆவி பறக்கும் காபியை ஊதினால் ஆறுகிறதல்லவா, அதே கதைதான். கம்பிக்கு மின்சாரம் கொடுத்து, வரும் காற்றைவிட நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் வைத்திருக்கிறார்கள். காற்று பட்டுக் கம்பி ஆறப் பார்க்கும். ஆற விடாமல் பிடித்து நிறுத்த எவ்வளவு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறதோ அதுவே காற்றின் அளவு. அடர்த்தியான காற்று அதிகம் ஆற்றும், லேசான காற்று குறைவாக ஆற்றும். அதனால் கன அளவை அளக்காமல் நேரடியாக எடையையே சொல்லிவிடுகிறது. சூடான கம்பி காற்றில் ஆறும் கணக்கை எல்.வி. கிங் என்பவர் 1914-இல் கட்டுரையாக எழுதினார். அப்போது அது காற்றோட்ட ஆய்வுக்கூட விஷயம். பாஷ் நிறுவனம் 1973-இல் எல்-ஜெட்ரானிக் கொண்டுவந்தபோதுகூடக் காற்று தள்ளித் திறக்கும் ஒரு கதவுதான் இருந்தது. 1980களின் தொடக்கத்தில்தான் கம்பி வந்தது. 70 மைக்ரான் பிளாட்டினம் கம்பி, சராசரித் தலைமுடி பருமன். அது அழுக்காகாமல் இருக்க, இன்ஜினை அணைத்ததும் ஒரு நொடி சுமார் ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கி அழுக்கை எரித்துவிடுவார்கள். இன்றைய சென்சார்களில் கம்பிக்குப் பதில் மெல்லிய படலம். பெரும்பாலானவற்றில் அப்படி எரிக்கும் ஏற்பாடு இல்லை. தூசி படிந்தால் படிந்ததுதான்.

எடை ஏன் தெரிய வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். பாலக்காட்டில் அது சுமார் 9,500 லிட்டர். மூணாறில் அதே 11 கிலோ கிடைக்க ஆயிரம் லிட்டருக்கும் மேல் கூடுதலாக இழுக்க வேண்டும். லிட்டர் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். கிலோ கணக்கு மாறாது.

மூணாறு டாக்ஸி ஓட்டுநர்: டர்போ டீசல் வண்டி. கோதமங்கலம் பக்கம் சமதளத்துல பறக்குது. நேரியமங்கலம் தாண்டி ஏறத் தொடங்கினா மூச்சு வாங்குது, பின்னாடி கருப்புப் புகை. உயரத்துல காத்து கம்மி, அதனால சென்சார் குழம்புதுன்னு சொல்றாங்க. நிஜமா அண்ணே?

உயரத்தில் காற்று குறைவு என்பது நிஜம். சென்சார் குழம்புகிறது என்பது பொய். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர். கடற்கரையோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. அதைச் சென்சார் ஒழுங்காகவே அளந்து சொல்லும், ஈ.சி.யூ. அதற்கேற்ப டீசலைக் குறைக்கும். டர்போ இருக்கிற வண்டியில் இந்தக் குறையின் பெரும்பகுதியை டர்போவே ஈடுகட்டிவிடும். ஆக, உயரத்தால் மட்டும் இவ்வளவு மூச்சு வாங்காது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த தகவல் கருப்புப் புகை. இதை எல்லா ஓட்டுநர்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இழுவை குறைந்து புகையும் இல்லை என்றால், சென்சார் குறைவாகக் காட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். காற்று குறைவு என்று நம்பி ஈ.சி.யூ. டீசலைச் சுருக்கிவிட்டது, அதனால் இழுவையும் இல்லை, புகையும் இல்லை. இழுவை குறைந்து கருப்புப் புகையும் வந்தால், சென்சார் அளந்த காற்று இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். சென்சார் ‘இவ்வளவு காற்று வந்தது’ என்று உண்மையைச் சொல்லிவிட்டது. ஈ.சி.யூ. அதற்கேற்ற டீசலை ஊற்றிவிட்டது. ஆனால் நடுவழியில் காற்று வெளியே ஓடிவிட்டது. எரிய வழியில்லாத டீசல் கரியாகப் போகிறது.

எங்கே ஓடுகிறது? டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ஹோஸ்களில். சமதளத்தில் டர்போ அழுத்தம் குறைவு, விரிசல் மூடியே இருக்கும். ஏத்தத்தில் முழு அழுத்தம் வந்ததும் உதடு பிளந்ததுபோல் திறக்கும். அதனால்தான் மலையில் மட்டும் நோவு. ஹோஸை மேலே இருந்து பார்த்தால் புத்தம் புதுசாகத் தெரியும். கீழ்ப்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். டர்போ வழியாக வரும் காற்றில் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஆவி இருக்கும். விரிசல் உள்ள இடத்தில் அது கசிந்து, தூசி ஒட்டி, ஈரமான கறுப்புத் திட்டாக நிற்கும். கிளாம்ப் அருகே விரலால் வளைத்துப் பார்த்தால் பிளவு வாய் திறக்கும். ஏறும்போது ஜன்னலை இறக்கிவிட்டுக் கேளுங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் சாட்சியும் கிடைத்துவிட்டது.

ஹோஸும் கிளாம்பும் சரியாக இருந்தால் பிறகு ஈ.ஜி.ஆர். வால்வு, பிறகு டர்போ. சென்சார் உங்கள் வண்டியில் கடைசி.

அதே ஓட்டுநர்: புகைச் சான்றிதழ் எடுத்தப்ப பாஸ் ஆச்சே?

ஆகும். அந்தச் சோதனையில் வண்டி நின்ற இடத்தில் நின்றுகொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள். சுமை இல்லை, டர்போ முழு அழுத்தம் கொடுக்கவும் இல்லை. பி.எஸ்.4 டீசலுக்குப் புகை அடர்த்தி வரம்பு 50 எச்.எஸ்.யூ., அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 65. அதற்குள் வந்துவிடும். மலையில் என்ன நடக்கிறது என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

சித்தூர் வாசகர்: சென்சாரை பெட்ரோல் தொட்ட துணியால் துடைக்கலாமா? இல்லை காது குடையும் பஞ்சுக் குச்சி?

இரண்டும் கூடாது. கார்புரேட்டர் கிளீனரும் கூடாது, கம்ப்ரஸர் காற்றும் கூடாது. உள்ளே இருக்கும் படலம் தொட்டாலே போய்விடும். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே உண்டு, கோவையில் பெரிய ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கும். அது காய்ந்த பிறகு மிச்சம் எதையும் விடாது.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், இந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும். சாவியை எடுத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றுங்கள். பூட்டு நாக்கை அழுத்திவிட்டு இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூதான், சிலவற்றுக்கு நட்சத்திர பிட் வேண்டும். சென்சாரைத் தலைகீழாகப் பிடித்து, ஸ்ப்ரேயின் குழாய் படாமல் ஒரு விரற்கடை தள்ளி, பத்துப் பன்னிரண்டு முறை விட்டு விட்டு அடியுங்கள். பிறகு நிழலில் தானாகக் காய விடுங்கள். சித்தூர் வெயில் காலத்தில் அரை மணி போதும். தேவிகுளம் மழைக்காலத்தில் அவசரமே வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் சுத்தம் செய்ததே சென்சாரைக் கொன்றுவிடும். மாட்டும்போது ரப்பர் ஓ-ரிங் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் ஸ்கேனரால் கோடை அழியுங்கள்.

ஃபில்டர் பெட்டியைச் சரி செய்யாமல் சென்சாரை மட்டும் கழுவினால் அடுத்த பருவத்தில் மறுபடி கழுவ வேண்டியிருக்கும்.

மறையூர் வாசகர்: கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். வண்டி நன்றாக ஓடுகிறது! அப்படியென்றால் சென்சார்தானே கெட்டது?

பெட்ரோல் வண்டியாக இருந்தால் அது நல்ல துப்பு. டீசல் வண்டியில் அது பாதி உண்மை. டீசலில் ஈ.ஜி.ஆர். வால்வை எவ்வளவு திறப்பது என்று ஈ.சி.யூ. முடிவு செய்வதே இந்தச் சென்சாரை வைத்துத்தான். புகையைத் திருப்பி உள்ளே விட்டால் அந்த அளவுக்குப் புதுக் காற்று குறையும், அந்தக் குறைவைச் சென்சார் காட்டும். நீங்கள் கப்ளரைக் கழற்றியதும் அந்தக் கணக்கு இல்லாமல் போகிறது. பல வண்டிகளில் ஈ.சி.யூ. ஈ.ஜி.ஆரை மூடிவிட்டு, மனப்பாடமாக வைத்திருக்கும் எண்களை வைத்து ஓட்டும். வண்டி சுறுசுறுப்பானது ஈ.ஜி.ஆர். மூடியதாலும் இருக்கலாம். ஆகவே முதலில் ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிப் பாருங்கள். உடுமலைக்கும் மறையூருக்கும் நடுவே சின்னாறு ரோட்டில் மெதுவாகவே ஓடும் வண்டிக்குக் கரி சேர்வது சகஜம்.

ஈ.ஜி.ஆரை நிரந்தரமாகத் தகடு வைத்து அடைத்துவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டுக்காக வைத்த உறுப்பை முடக்குவது சட்டத்துக்குப் புறம்பு. அதோடு, அடைத்த பிறகு சென்சார் எதிர்பார்த்ததைவிட அதிகக் காற்றைக் காட்டும், ஈ.சி.யூ. புதிதாக ஒரு கோடு போடும், நீங்கள் மறுபடி எனக்குக் கடிதம் போடுவீர்கள்.

போடி வாசகர், ஜீப் ஓட்டுநர்: தினமும் காலையில ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போடிமெட்டு ஏறுறேன். பழைய மகிந்திரா, பெஜோ இன்ஜின். சென்சாருன்னு ஒண்ணுமே கிடையாது. ஆனா ஏறும்போது கருகருன்னு புகை. பின்னாடி உக்காந்திருக்க பொம்பளைக இருமிக்கிட்டே வர்றாங்க. இதுக்கு என்னண்ணே வழி?

இந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

சென்சார் இல்லாததே இங்கே காரணத்தில் பாதி. உங்கள் டீசல் பம்ப்புக்கு நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று தெரியும், இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தெரியும். காற்று எவ்வளவு வருகிறது என்று தெரியாது. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மெட்டைத் தொடும்போது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடுகிறீர்கள். காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போவும் கிடையாது. ஆனால் பம்ப் போடியில் ஊற்றிய அதே டீசலைத்தான் மெட்டிலும் ஊற்றுகிறது. மீதி கரிதான். புதுக் கார்களில் ஒரு மெல்லிய படலம் செய்யும் வேலையை இங்கே உங்கள் கால்தான் செய்ய வேண்டும். புகை கறுக்கத் தொடங்கும்போது பெடலைக் கொஞ்சம் விடுங்கள், ஒரு கியர் இறக்குங்கள். முழுதாக மிதிப்பதால் கூடுதல் இழுவை வராது. அந்த டீசல் எரிவதே இல்லை.

பட்டறையில் செய்ய வேண்டியவை: ஆயில் பாத் ஏர் ஃபில்டராக இருந்தால் கழுவிப் புது ஆயிலைக் கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் காற்று மூச்சு முட்டும், ஆயிலும் உள்ளே இழுபடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி பம்ப் கடையில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு விடும் நாசில் ஒன்று இருந்தால் போதும், நாலு சிலிண்டரின் பெயரும் கெடும். ‘ஏத்தத்துக்கு இழுவை வேணும்’ என்று யாராவது பம்ப்பின் டீசல் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டியிருந்தால் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் விஷயம் இன்னும் அவசரமானது. பின்பக்கம் திறந்த, பக்கங்களில் கித்தான் இறக்கிய ஜீப் ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை இல்லாத நாட்களில் பக்கக் கித்தானைச் சுருட்டிவிடுங்கள். சைலன்சர் குழாய் பாடியின் அடியிலேயே முடிந்தால், பாடியைத் தாண்டி வெளியே வரும்படி வெல்டிங் வைத்து நீட்டுங்கள். குழாய் நடுவில் ஓட்டை இருந்தால் அன்றைக்கே அடைக்க வேண்டும். ஒரு நாள் கூலிக்காக விடியற்காலையில் ஏறி, பொழுது சாய இறங்கும் அந்தப் பெண்கள் தினமும் இரண்டு முறை இந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். நாலு அடி குழாய்க்கு ஆகும் செலவைத் தள்ளிப் போடாதீர்கள்.

வாளையார் வாசகர்: மாருதி சின்ன பெட்ரோல் கார். ஏர் ஃப்ளோ சென்சார் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பானெட்டைத் திறந்து தேடினால் அப்படி ஒன்றே இல்லையே?

நன்றாகத் தேடினீர்கள். மாருதியின் பல சிறிய பெட்ரோல் கார்களில் அது கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும் காற்றின் சூட்டைச் சொல்லும் சென்சாரும் இருக்கும். அவற்றிலிருந்து ஈ.சி.யூ. காற்றளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இல்லாத உறுப்பை மாற்றச் சொல்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேலந்தாவளம் வாசகர்: குவாரி ரோட்டில்தான் தினமும் போக்குவரத்து. தூசி தாங்கும் என்று ஆயில் தடவிய காட்டன் ஃபில்டர் போட்டேன். ஒரே மாதத்தில் செக் இன்ஜின் லைட்!

ஆயில் அதிகமாகிவிட்டது. அந்த வகை ஃபில்டரைக் கழுவி மறுபடி ஆயில் விடும்போது ‘கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே’ என்று எல்லாரும் ஊற்றுகிறார்கள். உபரி ஆயில் காற்றோடு போய்ச் சென்சாரில் படியும், அதன் மேல் கல் தூசி ஒட்டி மேலங்கி போல் மூடிவிடும். மூடிய சென்சாருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஐடிலிங்கில், காற்று குறைவாக வரும்போது, இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லும். வேகத்தில், காற்று அதிகம் வரும்போது, குறைத்துச் சொல்லும். நின்றால் பெட்ரோல் வாடை, மிதித்தால் இழுவை இல்லை என்று ஒரே வண்டியில் இரண்டு புகார் வருவது இதனால்தான். கம்பெனி கொடுத்த காகித ஃபில்டரையே போடுங்கள். குவாரி ரோடு என்றால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றுங்கள். சென்சாரைக் கழுவுங்கள்.

கோவிந்தாபுரம் ஆசிரியை: நான் டீச்சர். வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் ஏமாற விருப்பமில்லை. டொயோட்டா கொரோலா பெட்ரோல். போனில் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

டீச்சர், உங்களைப் போல நாலு பேர் இருந்தால் பட்டறைகள் எல்லாம் ஒழுங்காகிவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் நீங்கள் வாங்கிய கருவியை (பெரும்பாலும் இ.எல்.எம். 327 வகைதான்) சொருகி, ப்ளூடூத்தில் இணையுங்கள். 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களுக்கு ஓ.பி.டி.-2 கட்டாயம், அதற்கு முந்தைய உங்கள் கொரோலா மாதிரிகளிலும் பெரும்பாலும் வேலை செய்யும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏ.சி.யை அணைத்து, நியூட்ரலில் விடுங்கள். மாஸ் ஏர் ஃப்ளோ என்ற இடத்தில் நொடிக்கு இத்தனை கிராம் என்று ஓடும். 1.8 லிட்டர் இன்ஜினுக்கு இரண்டிலிருந்து மூன்று கிராம் அளவில் இருந்தால் சரி. அடுத்து ஃப்யூயல் ட்ரிம். இது ஈ.சி.யூ. தன் கணக்கில் எத்தனை சதவீதம் திருத்தம் போடுகிறது என்ற எண். நீண்ட கால ட்ரிம், குறுகிய கால ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐந்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். நின்றிருக்கும்போது ட்ரிம் கூட்டல் 15, 20 என்று இருந்து, 2,500 ஆர்.பி.எம்.முக்கு உயர்த்தியதும் குறைந்து வந்தால், சென்சாருக்கு அப்பால் எங்கோ கள்ளத்தனமாகக் காற்று நுழைகிறது. ஏதோ ஒரு வேக்யூம் ஹோஸ் விட்டிருக்கிறது, சில ரூபாய் வேலை. மாறாக, நின்றிருக்கும்போது சரியாகவோ கழித்தலிலோ இருந்து, ஓட்டும்போது கூட்டல் பக்கம் ஏறிக்கொண்டே போனால், சென்சார் குறைத்துச் சொல்கிறது அல்லது பெட்ரோல் பம்ப் பலவீனம். எது என்று தெரிய ஃப்யூயல் பிரஷர் அளக்க வேண்டும். அதைப் பட்டறையில் விடுங்கள், ஆனால் இந்த எண்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். எண்ணோடு வருகிறவரிடம் யாரும் கண்ணை மூடிக்கொண்டு சென்சாரை மாற்றச் சொல்ல மாட்டார்கள்.

வண்டிப்பெரியாறு வாசகர்: பி 0102. தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறேன். எலிகள் அதிகம். சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். இன்ஜின் சூட்டுக்கு எலி ஏறும், ஏறிய எலி வயரைக் கடிக்கும். சென்சார் கப்ளரிலிருந்து பின்னோக்கி வயர் மேல் சுற்றிய டேப்பைப் பாருங்கள். பல் தடமும் கறுப்புப் புழுக்கையும் கிடக்கும். பிறகு மல்டிமீட்டர். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். கப்ளரைக் கழற்றி அதன் சப்ளை பின்னில் பாருங்கள், பேட்டரி வோல்டேஜ், அதாவது 12 வோல்ட் அளவு வர வேண்டும். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே தடை ஏறக்குறைய பூஜ்யம். இரண்டும் சரி என்றால் கப்ளரை மாட்டிவிட்டு, பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து சிக்னலைப் பாருங்கள். பல பாஷ் சென்சார்களில் காற்று இல்லாதபோது 1 வோல்ட் அளவு இருக்கும், இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறும். சில வண்டிகளில் சிக்னல் ஃப்ரீக்வென்சியாக வரும், அங்கே சாதாரண மீட்டர் உதவாது. எந்தப் பின் எது என்பதை வண்டியின் வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் தோலைக் குத்தி அளக்காதீர்கள். உங்கள் ஊர் மழையில் அந்த ஊசி ஓட்டை வழியாக ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்து, ஆறு மாதத்தில் அதுவே புது நோயாகும்.

ராமக்கல்மேடு வாசகர்: இங்கே காத்தாடிகள் சுற்றும் அளவுக்குக் காற்று. நேருக்கு நேர் அடித்தால் சென்சார் அதிகமாகக் காட்டாதா?

காட்டாது. கஞ்சிக்கோட்டிலும் உங்கள் மேட்டிலும் காத்தாடி சுற்ற வைக்கும் காற்று ஃபில்டர் பெட்டிக்கு வெளியோடு சரி. உள்ளே எவ்வளவு இழுப்பது என்று முடிவு செய்வது இன்ஜின்.

குமுளி வாசகர்: ஆன்லைனில் பாதி விலைக்குச் சென்சார் கிடைக்கிறது. பார்க்க அச்சு அசல். வாங்கலாமா?

அச்சு இருக்கும், அசல் இருக்காது. ஒவ்வொரு சென்சாரும் இத்தனை காற்றுக்கு இத்தனை வோல்ட் என்று ஒரு வளைகோடு வைத்திருக்கும். ஈ.சி.யூ.வுக்குள் அந்த வளைகோடு எழுதி வைத்திருக்கிறது. போலியின் வளைகோடு பத்து சதவீதம் தள்ளி இருந்தாலும் செக் இன்ஜின் லைட் எரியாது, வண்டி ஓடும், மைலேஜ் மட்டும் கரையும். காரணம் தெரியாமல் ஒரு வருடம் ஓட்டுவீர்கள். பார்ட் நம்பரைப் பொருத்திப் பார்த்து ஒரிஜினல் வாங்குங்கள். அது முடியாவிட்டால், அதே மாடல் அதே இன்ஜின் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஒரிஜினலை, மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு வாங்கலாம். நண்பரிடம் அதே வண்டி இருந்தால் கால் மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். எந்த ஸ்கேனரும் சொல்லாத உறுதியை அது சொல்லும்.

தேவிகுளம் வாசகர்: மூடுபனியில் சென்சார் நனைந்து கெடுமா?

பனிக்குக் கெடாது. வாட்டர் சர்வீஸில் ஏர் ஃபில்டர் பெட்டி மேல் பீச்சியடிக்கும் தண்ணீருக்குக் கெடும். கழுவும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்: நானே புதுச் சென்சார் வாங்கி மாட்டினேன். ஒரிஜினல்தான். ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது. பழையதாவது ஓடியது!

சென்சார் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது ஃபில்டர் பக்கமிருந்து இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். கழற்றித் திருப்பி மாட்டுங்கள். இன்றைய சென்சார்கள் காற்றின் திசையையும் உணரும். தலைகீழாக மாட்டினால் காற்று பின்னோக்கிப் போகிறது என்று எண்ணி, ஈ.சி.யூ. இன்ஜினுக்கு எரிபொருளைக் கொடுக்காது. திருப்பி மாட்டியும் நின்றால், கழற்றும்போது தளர்த்திய இன்டேக் ஹோஸின் கிளாம்பை மறுபடி முறுக்கினீர்களா என்று பாருங்கள்.